ஒன்பதாவது வளைவில் முதலில் சிரித்தது யார்?

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அக்கா மகன் இயக்கியிருக்கும் 28 நிமிடப் பைலட்டை, அதாவது ஒரு தொடருக்கான மாதிரி முதல் அத்தியாயத்தை, சொந்தக்காரர்கள் பதினாறு பேர் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். மறுநாள் அது சென்னையில் உள்ள ஓர் ஓ.டி.டி. நிறுவனத்துக்குப் போகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எட்டு அத்தியாயங்கள். பிடிக்காவிட்டால் அவன் பழையபடி கல்யாண வீடியோ எடுக்கப் போக வேண்டியதுதான். அது டார்க் காமெடி, அதாவது அவல நகைச்சுவை, என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. 'காமெடி' என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்ட பெரியம்மா ஒருவர், பேரப்பிள்ளைகளையும் அழைத்துவரலாமா என்று கேட்டிருக்கிறார். முதல் காட்சியிலேயே ஒரு பிணம் இருக்கிறது என்பதை அவருக்கு யார் சொல்வது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. ஏனென்றால் அந்தப் பிணம் எங்கள் தாத்தா. அதன் பக்கத்தில், ஒரே ஒரு ஆள் தள்ளி, உட்கார்ந்து வந்தவள் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டு மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாத்தா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்துவந்தார். ஆயாவும் அவரும் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தார்கள். விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். என்னைத் திரும்ப அழைத்துப்போகவும், அப்படியே மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிடவும் அப்பாவும் சித்தப்பாவும் முதல் நாள் வந்திருந்தார்கள். காலை பத்து மணிக்குக் காப்பி டம்ளரைக் கீழே வைத்த தாத்தா, சுவரில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

அடக்கம் சேலத்தில் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை; எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் சிக்கல். விழா நாளில் மலையில் ஒரு வண்டியும் சும்மா இல்லை. கடைசியில் ஓர் அம்பாசிடர் டாக்ஸி கிடைத்தது. அதன் டிரைவர் கனிவான மனிதர், ஆனால் தொழிலில் கறாரானவர். "பொணம் ஏத்துன வண்டின்னு பேரு வந்துட்டா அப்புறம் எவன் சவாரிக்கு வருவான்? பெரியவரு உக்காந்து வர்றதா இருந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, பெரியவர் உட்கார்ந்தே வருவார் என்று ஒப்புக்கொண்டார். ஆள் எண்ணிக்கை கூடுதல் என்று ஐம்பது ரூபாய் அதிகம் கேட்டதும் இதே டிரைவர்தான்.

பின் இருக்கையில் வலப்பக்க ஜன்னலோரம் தாத்தா, அவர் தலையைத் தோளில் தாங்கியபடி ஆயா, அடுத்து நான், இடது ஓரம் சித்தப்பா. முன்னால் டிரைவரும் அப்பாவும். இறந்தவருக்கு வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டுக் கட்ட வேண்டும் அல்லவா? வெள்ளைத் துணியில் கட்டினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று, சித்தப்பா தம்முடைய மப்ளரைத் தலையோடு சேர்த்துத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். கூடவே மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார். 1,500 மீட்டர் உயரத்தில், காலைக் குளிரில், அந்த மப்ளர் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வண்டி இறங்க இறங்க வெயில் ஏறியது. மே மாத உச்சிவெயிலில் மப்ளர் கட்டிய ஒரு முதியவர் அசையாமல் உட்கார்ந்திருப்பது அடிவாரத்தை நெருங்க நெருங்கப் பொருத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் கீழிருந்து தொடங்குவதால், இறங்குகிறவர்கள் இருபதிலிருந்து ஒன்றை நோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒன்பதாவது வளைவில் போக்குவரத்து நின்றுவிட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த பேருந்து ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் பின்வாங்க, அதன் பின்னால் வரிசை சேர, நாங்கள் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோம். எங்கள் வலப்புறம், தாத்தாவின் ஜன்னலுக்கு நேராக, மேலே போகும் ஒரு சுற்றுலா வேன். அதன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி வெகு நேரம் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் பையைத் துழாவி ஓர் எலுமிச்சையை எடுத்து, கையை நீட்டி ஆயாவிடம் கொடுத்து, "பெரியவருக்கு மலை ஒத்துக்கல போலிருக்கு. இத மூக்குகிட்ட வச்சுப் புடிங்கம்மா, செத்த நேரத்துல தெளிஞ்சிருவாரு" என்றார்.

'சற்று நேரம்' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சில் 'செத்த நேரம்' என்றாகும். அந்த அம்மாள் அப்படித்தான் சொன்னார், நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆயா அந்தப் பழத்தை வாங்கி, தாத்தாவின் மூக்கருகே வைத்துப் பிடித்தார். வண்டிக்குள் ஒரு நொடி அமைதி. பிறகு யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம். அந்த நீர் எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. வேனில் இருந்த பெண்மணியும் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

வீட்டை அடைந்தபோது மணி நாலரை. உட்கார்ந்த நிலையிலேயே முழங்கால்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. கூடியிருந்த ஆண்கள் என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பாதான் "எப்படியும் நாற்காலியிலதானே வைக்கணும், இறக்குங்க" என்று முடிவு சொன்னார். எனக்கு நாக்கு வறண்டிருந்தது. அம்மா ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தார், ஒரே மூச்சில் குடித்தேன். அக்கா அன்று தட்டச்சுத் தேர்வுக்காகச் சேலத்திலேயே இருந்துவிட்டாள். ஆகையால் அவள் மகனுக்குக் கதை போய்ச் சேர்ந்தது என் வழியாகத்தான்.

முதலில் சிரித்தது யார் என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை உடன்பாடு இல்லை. நான்தான் என்று எனக்கு நினைவு. பதின்மூன்று வயதில் அடக்கத் தெரியாமல் மூக்கால் வெளியேறிய ஒரு சத்தம். அப்பா, 2016-இல் தாம் இறக்கும் வரை, முதலில் சிரித்தது ஆயாதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவரின் தோள்கள்தான் முதலில் குலுங்கின என்பது அப்பாவே சில சமயம் சொன்ன மாற்றுப் பாடம். ஒருவருமே சிரிக்கவில்லை என்பது சித்தப்பாவின் வாதம். அக்கா மகன் எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, போலீஸ்காரரைப் போல வாக்குமூலம் வாங்கிப் பதிவு செய்துகொண்டான். ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்கிறான். எது என்று கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை பாத்துக்கங்க சித்தி" என்கிறான்.

இது வெறும் குடும்பப் பிடிவாதம் என்று தோன்றலாம். அப்படி இல்லை என்பதற்கு எனக்குத் தொல்காப்பியம் துணை வருகிறது. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது முதலில் நிற்பது நகை. அதை ஒட்டியே வருவது அழுகை. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இப்போது எங்கள் வண்டியைப் பாருங்கள். டிரைவர் முதலில் சிரித்திருந்தால் அது எள்ளல். சவாரிக்காரர்களின் நிலையைப் பார்த்து வெளியாள் சிரித்த சிரிப்பு. நான் சிரித்திருந்தால் இளமை. பார்க்கிறவர்கள் குழந்தையை மன்னித்துவிட்டுத் தாங்களும் நிம்மதியாகச் சிரிக்கலாம். ஆனால் ஐம்பது வருடம் தம்மோடு வாழ்ந்தவரின் மூக்கருகே எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டு ஆயா சிரித்திருந்தால், அதை இந்த நான்கில் எந்தப் பெட்டியில் போடுவது? அந்த இடத்தில்தான் சாதாரண நகைச்சுவை அவல நகைச்சுவையாகிறது என்பது என் எண்ணம். முதல் சிரிப்பை யாரிடம் கொடுக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அந்த 28 நிமிடமும் நிற்கும், அல்லது குடை சாயும்.

பைலட் என்பதற்குத் தமிழில் அழகான சொல் ஒன்று தயாராக இருக்கிறது: வெள்ளோட்டம். புதிதாகச் செய்த தேரை, சாமியை ஏற்றாமல், வெறுமனே ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த வெள்ளோட்டம் ஒரு பெரிய சடங்கு. ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்து, அதைப் பார்த்த பிறகுதான் தொடர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எடுத்த பைலட்டுகளில் பெரும்பாலானவை தொடராவதே இல்லை. 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடரின் பைலட் 1989-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று ஒளிபரப்பானபோது, அதை முன்கூட்டிப் போட்டுக் காட்டிய பார்வையாளர்களிடமிருந்து வந்த அறிக்கை மோசமாக இருந்தது. அதன் பிறகும் நிறுவனம் கேட்டது வெறும் நான்கு அத்தியாயங்கள்தான். அது பின்னாளில் எவ்வளவு பெரிய வெற்றியானது என்பது ஊரறிந்த கதை. அமேசான் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் பதினான்கு பைலட்டுகளை மக்கள் முன்னாலேயே வைத்து, எதைத் தொடராக எடுக்கலாம் என்று கருத்துக் கேட்டுப் பார்த்தது.

நம்முடைய நெடுந்தொடர்களுக்கு இந்தப் பழக்கம் அவ்வளவாக ஒட்டவில்லை. இங்கே தினமும் வெள்ளோட்டம்தான். வியாழக்கிழமை டி.ஆர்.பி. வந்தால், அடுத்த வாரமே மாமியார் நல்லவராகிவிடுவார், செத்தவர் உயிரோடு வந்துவிடுவார். கதையை ஓடவிட்டே திருத்துகிற ஊரில், ஒரே அத்தியாயத்தை முழுமையாகச் செய்து, இதுதான் நான் என்று கொண்டுபோய் வைப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம். அதிலும் அவல நகைச்சுவைக்கு இது இரட்டைச் சுமை. வழக்கமான காமெடியில் பார்வையாளர் சிரிக்கத் தயாராகவே வந்து உட்காருவார். இங்கே, சாவின் முன்னால் சிரிக்கலாம் என்ற அனுமதியை அந்த முதல் அத்தியாயமே அவருக்குக் கொடுத்தாக வேண்டும். 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' தொடரின் முதல் அத்தியாயம் 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்தது. ஈமச் சடங்கு நடத்தும் குடும்பத்தின் தலைவர், புத்தம் புதிய சவ வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போதே விபத்தில் இறந்துவிடுவார். தொடங்கிய சில நிமிடங்களிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. எங்கள் பையனின் பைலட்டில் முதல் சிரிப்பு பதினோராவது நிமிடத்தில்தான் வருகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து என் வயிற்றில் என்னவோ செய்கிறது.

நிறுவனத்தாரும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். திரைக்கதையைப் படித்தபோதே, தாத்தா இறக்காமல் மயக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாமே, கடைசியில் கண் விழித்துவிட்டால் குடும்பத்தோடு பார்க்கலாமே என்றார்களாம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. சாவைச் சிரித்துப் பார்க்கத் தமிழனுக்குத் தெரியாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? "தன் மகன் செத்தாலும் சரி, மருமகள் தாலி அறுக்க வேண்டும்" என்று பழமொழி சொல்லிவைத்த கூட்டம் நாம். இறந்தவரின் காரியத்தன்று கர்ண மோட்சம் கூத்து வைக்கிற வழக்கம் வட மாவட்டங்களில் இன்றும் இருக்கிறது; கர்ணன் சாகக் கிடக்கும் கதையின் நடுவிலும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து அடிக்கிற கிண்டலுக்கு, அன்று வரை அழுத கண்ணோடு அந்த வீட்டுக்காரர்கள் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2013-இல் வந்த 'சூது கவ்வும்' படத்துக்குப் பிறகு நம் ஊரில் டார்க் காமெடி பிறந்ததாகச் சிலர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டியங்காரன்தான் நினைவுக்கு வருவார்.

பையனும் இதை உணர்ந்திருக்கிறான் என்பதே எனக்கு இருக்கும் பெரிய நம்பிக்கை. தாத்தாவாக, அதாவது பிணமாக, நடிப்பதற்கு அவன் தேடிப் பிடித்தது, பல வருடம் கூத்தில் கோமாளி வேஷம் கட்டிய ஒரு பெரியவரை. அவர் முதல் நாள் வந்து, தமக்கு ஒரு வசனம்கூட இல்லை என்று தெரிந்ததும் முகம் சுருங்கிப் போனாராம். "கதையே உங்களச் சுத்தித்தானுங்க" என்று இவன் சமாதானம் சொல்லியிருக்கிறான். நான் ஒரு நாள் படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். பிணமாக நடிப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. மூச்சை அடக்கினால் கழுத்து நரம்பு புடைக்கிறது. அடக்காவிட்டால் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குகிறது. அதனால் அவருக்கு இரண்டு எண் பெரிய சட்டையைப் போட்டு, மேலே மப்ளரின் முனையைத் தொங்கவிட்டிருந்தார்கள். முப்பது விநாடிக்கு மேல் ஒரு ஷாட்டும் இல்லை. 'கட்' என்ற சத்தம் கேட்டதும் அவர் விடுகிற பெருமூச்சில் கண்ணாடிக் கதவு மங்கும். உதவியாளர் ஒருவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்பாசிடர் கிடைப்பது பெரும்பாடாக இருந்திருக்கிறது. 2014-உடன் உற்பத்தி நின்றுபோன வண்டி. நல்ல நிலையில் ஓடுகிற ஒன்றை ராசிபுரம் பக்கத்திலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல், மலைக் காட்சிகளைக் குப்பனூர்ப் பாதையில் எடுத்துவிட்டான் என்பதுதான். பிரதான சாலையில் வண்டிகளை நிறுத்திப் படம் எடுக்க முடியாது என்ற அவன் காரணம் நியாயமானதே. இருந்தாலும் அது எங்கள் ஒன்பதாவது வளைவு இல்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இன்னொன்றை அவன் விட்டுவிட்டதற்காக அவனை மெச்ச வேண்டும். தாத்தா தோட்ட வேலைக்குப் போகும் முன், சில வருடம் மாடர்ன் தியேட்டர்ஸில் செட் போடும் தச்சராக இருந்தவர். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. மலையிலிருந்து இறங்கிய எங்கள் டாக்ஸி அந்த வளைவைக் கடந்துதான் போனது. ஒரு காலத்தில் பொய் அரண்மனைகளுக்குக் கதவு செய்தவர், பொய்யாக உயிரோடு உட்கார்ந்து அதைக் கடந்தார். நடந்தது உண்மை; ஆனால் கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள், செய்த மாதிரி இருக்கும். அவனும் அதையே சொல்லி வெட்டிவிட்டான்.

சித்தப்பா வருவாரா என்பது சனிக்கிழமை வரை தெரியாது. பெற்ற தகப்பனின் சாவை நாலு பேர் சிரிக்கக் காட்டுவதா என்பது அவர் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய மப்ளர் கதையில் இருக்கிறது என்று சொன்னபோது மட்டும், "என்ன கலரு போட்டிருக்கான்?" என்று கேட்டார். பழுப்பு என்றேன். சரிதான் என்பதுபோல் தலையசைத்தார்.

நேற்று இரவு டி.வி.யில் கம்பி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அக்கா மகன் வந்திருந்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது தட்டுவடை செட் சொல்லிவிட்டு, பிணம் இருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாமா கூடாதா என்ற குழப்பத்தில் இருந்தார். பேச்சுவாக்கில், எலுமிச்சை நல்ல மஞ்சளாக இருந்தால்தான் திரையில் எடுப்பாகத் தெரிகிறது என்று அவன் சொன்னான்.

"மஞ்சளா? அது பச்சக் காயி" என்றார் அம்மா.

நான் வண்டியில் இருந்தவள். அம்மா வீட்டில் இருந்தவர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவர எறக்குறப்ப மடியிலேருந்து உருண்டு வந்துச்சு. நாந்தான் எடுத்து வச்சேன். அடுப்பு பத்த வைக்கக் கூடாத வீடு, நீ வேற வெயில்ல வந்து துவண்டுபோய் நிக்கிற. அதத்தான் புழிஞ்சு, சக்கரை போட்டு, உனக்கும் அந்த டிரைவருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கரைச்சுக் குடுத்தேன்."

அக்கா மகன் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இத ஏன் அம்மாயி இத்தன நாளாச் சொல்லல?"

"யாரு என்னக் கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.